சிட்னியிலிருந்து லண்டன் எத்தனை மணி?

சிட்னியின் வென்ட்வொர்த்வில் பக்கம், தமிழ் வீடு ஒன்று. ஜனவரி மாதம். அம்மா லண்டனில் ஹாரோவில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "திங்கக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஏறுறன் பிள்ளை. செவ்வாய்க்கிழமை விடிய அஞ்சு மணிக்கு அங்க வந்திடுவன்." மறுமுனையில் பேரன் விரல் விட்டு எண்ணுகிறான். "பதின்மூண்டு மணித்தியாலம்தானே அம்மம்மா, ஒரு நித்திரை கொண்டு எழும்ப வந்திடும்."

கழித்தல் சரி, விடை தப்பு. ஜனவரியில் சிட்னி கடிகாரம் லண்டனைவிட 11 மணி முன்னால் ஓடுகிறது. சிட்னியில் மாலை நான்கு என்றால் லண்டனில் அதே திங்கள் காலை ஐந்து. அங்கிருந்து மறுநாள் காலை ஐந்துவரை முழுசாக 24 மணி நேரம். பேரன் தொலைத்த 11 மணி நேரத்தை அம்மம்மாதான் கால் வீங்க உட்கார்ந்து கழிக்க வேண்டும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. லண்டனில் திங்கள் இரவு எட்டரைக்கு ஏறுகிறவர் 22 மணி நேரப் பயணம் முடிந்து சிட்னியில் இறங்கினால் அங்கே புதன் காலை ஐந்தரை. செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வந்ததே தெரியாது. செவ்வாய் விரதம் பிடிக்கிறவர்களுக்கு இது நிஜமான சிக்கல்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு ஊரும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் ஊர்கள். ஆனால் ஒன்றின் கோடை மற்றதன் குளிர்காலம். அதனால் வித்தியாசம் ஜனவரியில் 11 மணி, ஜூலையில் 9 மணி. மாறுகிற வாரங்களில் 10 மணி. போன வருஷம் பேரன் மனப்பாடம் செய்த கணக்கு இந்த வருஷம் வேறு மாதத்தில் உதவாது.

சரி, தூரம்? ஹீத்ரோவிலிருந்து சிட்னியின் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 17,016 கி.மீ. பூமியின் மேற்பரப்பில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே ஏறத்தாழ 20,000 கி.மீ.தான், அதாவது உருண்டையின் பாதிச் சுற்று. ஆக, இதற்கு மேல் தூரமாகப் போக வேண்டுமென்றால் இன்னும் 3,000 கி.மீ. மட்டுமே பாக்கி இருக்கிறது.

"நேர்கோடு" என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். சுவரில் மாட்டிய வரைபடத்தில் லண்டனிலிருந்து சிட்னிக்கு அளவுகோல் வைத்தால் கோடு அரபிக்கடலைத் தொட்டு இலங்கைப் பக்கமாக இறங்குவது போலத் தெரியும். உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கதை வேறு. நூல் பால்டிக் கடலைத் தாண்டி, மாஸ்கோவுக்கும் வடக்கே ஏறி, கஜகஸ்தான், மேற்குச் சீனா, தென்சீனா வழியாகச் சரிந்து, இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து டார்வினுக்குக் கிழக்கே ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறது. ஆஸ்திரேலியா போகிறவர் முதலில் ரஷ்யா பக்கம் திரும்ப வேண்டும் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் குட்டை வழி அதுதான்.

அந்த வழியில் போகாவிட்டால் எவ்வளவு நஷ்டம்? பெரும்பாலும் அதிகமில்லை. ஆரஞ்சுப் பழத்தின் காம்பிலிருந்து அடிப்பாகம்வரை எந்தச் சுளையின் ஓரமாக விரலை ஓட்டினாலும் தூரம் ஒன்றுதானே? லண்டனும் சிட்னியும் கிட்டத்தட்ட அப்படிக் காம்பும் அடியுமாக இருக்கும் ஊர்கள். சிங்கப்பூரில் இறங்கிப் போனால் மொத்தம் சுமார் 17,160 கி.மீ.; கூடுதல் ஒரு சதவீதம்கூட இல்லை. துபாய் வழியாக 17,500 சொச்சம், பெர்த் வழியாக 17,800க்குக் கிட்ட. உலகத்தின் மறுபக்கமாக லாஸ் ஏஞ்சலீஸ் வழியாகச் சுற்றினால்தான் 20,800ஐத் தாண்டுகிறது. இந்தப் பாதையில் சிங்கப்பூரும் துபாயும் போட்டி போட்டுக்கொண்டு கடை விரித்திருப்பதற்குப் பின்னால் இந்த ஆரஞ்சுக் கணக்கும் இருக்கிறது.

விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து 17,160ஐ வகுத்தால் 19 மணி வரும். டிக்கெட்டில் 22, 23, 24 என்று போட்டிருக்கும். மிச்சம் எங்கே போகிறது? சிங்கப்பூரில் எரிபொருள் நிரப்பவும் ஆளை மாற்றவும் ஒன்றரை, இரண்டு மணி. கதவடைத்துக் கிளம்பியதிலிருந்து ஓடுபாதை கிடைக்கும்வரை ஊர்வது, இறங்குவதற்கு ஹீத்ரோவின் மேலே வட்டமடிப்பது ஆகியவையும் கணக்கில் சேரும். விமான நிறுவனங்கள் காட்டும் நேரம் வாசலிலிருந்து வாசல்வரைக்கானது. பறக்கும் நேரம் மட்டும் அல்ல. அதோடு காற்று.

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கே போகிறவருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும், மேற்கே போகிறவரின் நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,327 கி.மீ. வேகம். எஞ்சின் என்னவோ வழக்கம் போலத்தான் ஓடியது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போவதைவிட அங்கிருந்து லண்டன் வருவதற்குக் கூடுதல் நேரம் பிடிப்பதும் இதனால்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கையெல்லாம் மணியில் போடவில்லை, நாளில் போட்டார்கள்.

1919இல் ஆஸ்திரேலிய அரசு 10,000 பவுன் பரிசு அறிவித்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு அது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற அண்ணன் தம்பியும் இரண்டு மெக்கானிக்குகளும் விக்கர்ஸ் விமி என்ற திறந்த இருக்கை விமானத்தில் நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகே ஹௌன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். விமானத்தின் பதிவெழுத்துகள் ஜி-இஏஓயு. அதற்கு "கடவுளே எங்கள் எல்லோரையும் காப்பாற்று" என்று அவர்களே விரிவாக்கம் சொல்லிக்கொண்டார்கள். கெய்ரோ, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி ஏறி, சுரபாயாவில் சேற்றில் சக்கரம் புதைந்து, ஊர்க்காரர்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்துப் பாதை போட்டுக் கொடுக்க, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 27 நாள் 20 மணி நேரம். அந்த விமானத்தை அடிலெய்டு விமான நிலையத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே போட்டியில் கிளம்பி ஊர் சேர்ந்த மற்றொரு ஜோடி பேரரும் மெக்கின்டாஷும். அவர்களுக்குப் பிடித்தது 206 நாள். தூரம் ஒன்றுதான்.

1935 ஏப்ரலில் பயணிகளுக்கு லண்டன் முதல் பிரிஸ்பேன்வரை டிக்கெட் கொடுக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டரை நாள் பயணம். அதில் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசிவரை ரயிலில் போக வேண்டும். விமான டிக்கெட் வாங்கியவரை ரயிலில் ஏற்றிவிட்ட காலம் அது. 1938இல் சிட்னியின் ரோஸ் பே நீர்ப்பரப்பிலிருந்து கடல்விமானங்கள் ஓடத் தொடங்கியதும் சுமார் பத்து நாளாகக் குறைந்தது. இரவில் பறக்க மாட்டார்கள். ஊர் ஊராக ஹோட்டலில் தங்கி, காலையில் எழுந்து பறப்பார்கள். உடம்புக்கு அதுவே நல்லது என்று அம்மம்மா சொல்லக்கூடும்.

பிறகு போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனதும் நடுவில் பாதை அறுந்தது. அதைத் திரும்ப முடிச்சுப் போட்ட இடம் காலிக்குக் கிழக்கே உள்ள கொக்கல.

தென்னிலங்கையில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் அந்தக் களப்பில் பிரிட்டிஷ் விமானப்படை கடல்விமானத் தளம் அமைத்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. தளத்துக்காக ஊரைக் காலி செய்தபோது அவர் பிறந்த வீடு மட்டும் எப்படியோ தப்பி, இப்போது அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது. 1943 ஜூலை முதல் கொக்கலவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே குவாண்டாஸ் கட்டலினா கடல்விமானங்களை ஓட்டியது. நடுவில் தரையே கிடையாது. சுமார் 5,650 கி.மீ. இந்தியப் பெருங்கடல், அதன் ஒரு பகுதியில் ஜப்பானிய விமானங்களின் காவல்.

வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவுதான். அதனால் 28 மணி முதல் 32 மணிவரை தொடர்ந்து ஆகாயத்தில் இருந்தார்கள். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். எடைக்குப் பயந்து விமானத்தின் உட்புறத் தடுப்புகளையெல்லாம் கழற்றி, அந்த இடத்தில் எரிபொருள் ஏற்றினார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். வானொலியில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். வழிகாட்ட நட்சத்திரம்தான். அதனால் விமானங்களுக்கே நட்சத்திரங்களின் பெயர்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கத்தில் திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை என்று இருக்கிற நட்சத்திரங்கள்தான் இவற்றில் நான்கு.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்துவிடலாம். இறங்கியதும் பயணியின் கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள்: "இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கத்தின்" உறுப்பினர் என்று. 1945 ஜூலைவரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி அந்தக் கட்டலினாக்களைக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். எதிரி தொடாததைக் கணக்குப்பிள்ளை முடித்து வைத்தார்.

1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தத்தித் தத்திப் போனதால் இதற்குக் "கங்காரு வழி" என்று பெயர். பயணிகள் 29 பேர், பணியாளர்கள் 11 பேர். நாலு நாள். போக வர 585 பவுன். அன்றைய ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். அதன்பின் ஜெட் வந்தது, ஜம்போ வந்தது, நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கல்கத்தா போனது, கராச்சி போனது, கடைசியில் ஒரே ஒரு நிறுத்தம் மிஞ்சியது. 28 நாள் 12 நாளாகி, நாலு நாளாகி, ஒரு நாளானது.

அந்தக் கடைசி நிறுத்தம்தான் போக மறுக்கிறது.

முடியாது என்றில்லை. 1989 ஆகஸ்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள். குவாண்டாஸின் புது போயிங் 747-400, "சிட்டி ஆஃப் கான்பெரா", லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. ஆனால் எப்படி? டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர் கிடையாது. வழக்கத்தைவிட அடர்த்தியான விசேஷ எரிபொருள். சொட்டு எரிபொருளும் வீணாகக் கூடாதென்று ஓடுபாதையின் தொடக்கம்வரை விமானத்தை வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். சாதனை சரி, வியாபாரம் ஆகாது.

நீண்ட தூரம் பறக்க எரிபொருள் அதிகம் வேண்டும். அந்த எரிபொருளுக்கும் எடை உண்டு. அதைச் சுமக்கவே எரிபொருள் எரியும். கட்டுச்சோற்று மூட்டையைச் சுமந்த களைப்பிலேயே பாதிச் சோற்றைத் தின்று தீர்க்கும் வழிப்போக்கன் கதை. நடுவில் ஒரு சத்திரம் இருந்தால் மூட்டை சிறுசாகும். சிங்கப்பூர் அந்தச் சத்திரம். நிறுத்தம் இல்லாமல் போக வேண்டுமானால் ஆளைக் குறைக்க வேண்டும். இன்று உலகின் மிக நீளமான பயணமாக ஓடும் சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் சுமார் 15,300 கி.மீ. போகிறது. அந்த ஏ350 ரகத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போட்டிருப்பது 161 இருக்கைகள் மட்டும். சாதாரண வகுப்பு என்ற ஒன்றே கிடையாது.

குவாண்டாஸ் 2018 மார்ச்சில் பெர்த்–லண்டன் நேரடி விமானத்தைத் தொடங்கியது. 14,498 கி.மீ., பதினேழு மணிச் சொச்சம். மறு ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஐம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு 19 மணி 19 நிமிடம் சோதனைப் பறத்தல் நடத்தியது. அதற்கு முந்தைய மாதம் நியூயார்க்–சிட்னி சோதனை. அதில் விமானிகளின் தலையில் மின்வாய் ஒட்டி மூளை விழிப்பை அளந்தார்கள். பயணிகள் ஏறியது இரவில். ஆனால் தூங்க விடவில்லை. விளக்கை எரியவிட்டு, காரசாரமான சாப்பாடு கொடுத்து, உடம்பைச் சிட்னி நேரத்துக்குத் திருப்பப் பார்த்தார்கள். காரம் தின்றால் தூக்கம் வராது என்பதை ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்; ஆந்திரா மெஸ்ஸில் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள்.

2022 மே மாதம் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி. மற்றவர்கள் 300க்கு மேல் இருக்கை போடும் இடத்தில் 238 மட்டும். நடுவில் கை காலை நீட்டி மடக்க ஒரு தனி இடம். 22 மணி நேரம்வரை பறக்கும். 2027இல் சேவை தொடங்கத் திட்டம். பெயர் "புராஜெக்ட் சன்ரைஸ்", கொக்கலவின் இரட்டைச் சூரியோதயத்தை நினைத்து வைத்தது. இதனால் மிச்சமாவது நாலு மணி நேரம்வரை என்று நிறுவனமே சொல்கிறது.

நாலு நாளை ஒரு நாளாக்கியதற்கும் 24 மணியை 20 ஆக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது ஒரு குடும்பம் அம்மாவின் காரியத்துக்குப் போய்ச் சேர முடியுமா முடியாதா என்பதை மாற்றியது. இரண்டாவது ஒரு வங்கி அதிகாரியின் கூட்டத்தை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றும். இருக்கையைக் குறைத்தால் அந்தக் காசை மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் கட்டியாக வேண்டும்.

போதாததற்கு, வானமே திறந்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து ரஷ்யா தன் வானத்தைப் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடிவிட்டது. உருண்டையில் இழுத்த நூல் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு நூலாகவே நின்றுபோனது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி சொச்சத்தில் போய்க்கொண்டிருந்த, அதே தடைக்கு ஆளான பின்லாந்தின் ஃபின்ஏருக்கு இப்போது பதின்மூன்று மணி பிடிக்கிறது. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் முற்றியபோது, பெர்த்–லண்டன் நேரடி விமானமும் சுற்றிப் போக நேர்ந்தது. எதிர்க்காற்றில் எரிபொருள் போதாமல் அது சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது. லண்டனிலிருந்து பெர்த் வந்த விமானம் மட்டும், பின்காற்றின் தயவில், நிற்காமலே வந்தது.

ஆக, எழுபது வயதைத் தொடும் அம்மம்மாவுக்கு எந்த விமானம்? சிங்கப்பூரில் நிற்பதே. 2027இல் நேரடி விமானம் வந்த பிறகும் இதே பதில்தான். ஏழெட்டு மணி நேரம் பறந்ததும் ஒரு முறை இறங்கி, நீளமான நடைபாதையில் நாலு எட்டு வைத்து, முகம் கழுவி, ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏறுகிற காலுக்கும் இருபது மணி மடங்கிக் கிடக்கிற காலுக்கும் உள்ள வித்தியாசம் இறங்கின அன்றே தெரிந்துவிடும். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த ஊர் நேரப்படி சாப்பிடுவது என்று கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேரனுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட்டில் வரும் நேரத்தைப் பார்த்தால் போதாது. பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். எத்தனை மணிப் பயணம் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு நேரத்தையும் லண்டன் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். செவ்வாய் விடிய ஐந்துக்கே ஹீத்ரோவில் போய் நிற்கவும் வேண்டாம். விமானம் நின்று, குடிவரவு வரிசை கடந்து, பெட்டி வந்து, முருங்கைக்காய்ப் பொடியும் மிளகாய்த்தூளும் சுங்கத்தைத் தாண்டி வெளியே வர ஆறரையாவது ஆகும்.